கோத்தகிரியிலிருந்து வந்த காட்டுக் காசித்தும்பையின் இலை மஞ்சளாகிறது, உதவுங்கள்

ஈரமண்: ஆகஸ்டில் பூத்துக் குலுங்கிய செடி இது. நவம்பர் பிறந்ததிலிருந்து, நாள்தோறும் நீர் ஊற்றியும் இலைகள் மஞ்சளாகிச் சாய்கின்றன. அவசரமாக வழி சொல்லுங்கள்.

பாசிக்கல்: இப்போது செடி எந்த ஊரில் இருக்கிறது? தொட்டியில் அடித்துளை உண்டா? முக்கியமாக, செடிக்குத் தண்டு இருக்கிறதா, இலைகள் மண்ணிலிருந்தே கிளம்புகின்றனவா? மேற்குத் தொடர்ச்சி மலையில் 100-க்கும் மேற்பட்ட காசித்தும்பை இனங்கள் இருப்பதால், பெயரை மட்டும் வைத்து எதையும் சொல்ல இயலாது.

ஊற்றுநீர்: நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் வெளுத்திருந்தால், ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு காரணமாக இருக்கலாம், அது இருந்தால் வேரால் இரும்புச்சத்தைச் சரியாக எடுக்க முடியாது. மழைநீரை மட்டும் ஊற்றுங்கள்.

தோட்டமூத்தவர்: பலமுறை எழுதிவிட்டேன், படித்துவிட்டுக் கேட்பதே முறை. ஈரம் விரும்பும் செடி, தேங்கிய நீரை விரும்பும் செடியன்று. சோலையில், அதாவது மலையுச்சியின் ஈரக்காட்டில், பாறையில் நீர் வழிந்துகொண்டே இருக்கும், காற்றும் ஈரமாக இருக்கும். தொட்டியில் நீர் தேங்கினாலோ வேர் மூச்சுத் திணறி அழுகி, நீரை எடுக்க முடியாமல் போவதால், இலை தாகத்தில் வாடுவதைப் போலவே வாடும், அதைக் கண்டு நீங்கள் மேலும் ஊற்றுவீர்கள். காட்டிலிருந்து பிடுங்கியதென்றால் அது சட்டப்படி குற்றமும்கூட.

சோலைக்குயில்: ஐயா, 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் காப்புக்காட்டுக்குப் பொருந்தும், ஒருவேளை பட்டா நிலத்தில் முளைத்ததாக இருந்தால் எப்படிக் குற்றம் என்பீர்கள்?

தோட்டமூத்தவர்: சில இனங்கள் நீலகிரியின் ஓரிரு சோலைகளைத் தவிர வேறெங்கும் இல்லை. சட்டம் தடுக்காத இடத்திலும் பிடுங்காமல் இருப்பதே நியாயம்.

சோலைக்குயில்: அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்டவரைக் குற்றவாளியாக்க வேண்டாம்.

ஈரமண்: கோவை, கிழக்குப் பார்த்த பால்கனி. துளை உண்டு, அடியில் தட்டும் உண்டு. தண்டு இல்லை. அக்கா வீட்டுக் கல்சுவரில் தானாக முளைத்தது.

பாசிக்கல்: அப்படியானால் இது ஈரப்பாறையில் பாசியோடு ஒட்டி வளரும் கிழங்கு வகையாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் துளிர்த்துப் பூத்து, மழை ஓய்ந்ததும் இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்காக உறங்குவது இதன் இயல்பு. உறங்கும் கிழங்குக்கு நாள்தோறும் ஊற்றினால் அழுகிவிடும். தட்டை எடுத்துவிட்டு, விரலால் மண்ணை மெல்ல விலக்கிக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நீரை நிறுத்தி நிழலில் வையுங்கள். கோவையின் கோடையை அது தாங்குவது கடினம் என்பதால், அதற்குமுன் அக்கா வீட்டுச் சுவருக்கே திருப்பி அனுப்புவது நல்லது.

ஈரமண்: சுண்டைக்காய் அளவில் ஒரு கிழங்கு, கெட்டியாகவே இருக்கிறது. தட்டை எடுத்துவிட்டேன். பொங்கலுக்குப் போகும்போது கொண்டுபோகிறேன். நன்றி.