ரீசார்ஜ் குழியில் செம்மண் கலங்கலை நிறுத்துவது எப்படி?

குழுவினருக்கு வணக்கம். பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு போர்வெல்லுக்கு ரீசார்ஜ் குழி (மழைத் தண்ணீரை வடிகட்டிப் போருக்குள் இறக்கும் குழி) எடுக்க வேண்டும், உங்கள் யோசனை தேவை. ஆழம் 850 அடி, ஆறரை அங்குலத் துளை, 60 அடி வரை கேசிங் (மண் சரியாமல் இருக்கத் துளைக்குள் இறக்கிய குழாய்). 40 நிமிடம் ஓட்டினாலே மோட்டார் காற்று இழுக்கிறது.

கேசிங்கைச் சுற்றி 10-க்கு 10 அடி, 8 அடி ஆழத்தில் குழி. அடியில் 3 அடி உயரத்துக்குக் கேசிங்கில் துளையிட்டு, நைலான் வலை இரண்டு சுற்று. கீழே கருங்கல், மேலே 40, 20 மி.மீ. ஜல்லி, கடைசியில் ஒன்றரை அடி மணல். துளையிடும்போது கேபிள் அறுபடாமல் இருக்க மோட்டாரை முதலிலேயே மேலே எடுத்துவிடலாம்.

கவலையெல்லாம் வண்டல்தான். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழைக்குச் சுமார் 930 லிட்டர்தான் கிடைக்கும். எனவே தோப்பு நிலத்தில் ஓடும் மழைத் தண்ணீரையும் குழிக்குத் திருப்பியாக வேண்டும். அந்தச் செம்மண் கலங்கலை பாட்டிலில் பிடித்து வைத்தால் அரை நாளாகியும் தெளிவதில்லை. அது உள்ளே போனால் பாறை வெடிப்பை அடைத்துவிடும், பிறகு கம்ப்ரசர் வைத்து ஊதினாலும் முழுசாகத் திறக்காது. மோட்டாரின் இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) தேயும்.

செம்மண்ணில் குழி எடுத்தவர்கள் சொல்லுங்கள்: இரண்டு அறை வண்டல் தொட்டி போதுமா, அதற்கு முன்னால் மண்ணைத் தடுக்க வெட்டிவேர்ச் செடி வரிசையும் வேண்டுமா? மேல்மணலை எத்தனை மழைக்கு ஒருமுறை சுரண்டி மாற்றுகிறீர்கள்? குழி வெட்டும் முன் 6,000 லிட்டர் லாரித் தண்ணீரைப் போருக்குள் விட்டுப் பார்த்தவர்களுக்கு அது இறங்க எவ்வளவு நேரம் ஆனது? தொட்டியின் படமும் அளவும் போட்டால் பெரிய உதவி. ஐப்பசி மழைக்குள் வேலை முடிய வேண்டும்.