பொருள்: டெக்னோ புரொடியூசருக்கு ‘தயாரிப்பாளர்’ வேண்டாமே

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டெக்னோ என்னும் இயந்திர நடன இசையைச் செய்கிறவரை ஆங்கிலத்தில் ‘புரொடியூசர்’ என்கிறார்கள், அவருக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று குழுவில் கேட்டிருந்தேன். இழையைத் தொடங்கியவன் நான் என்பதால், வந்த பரிந்துரைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்தருளுங்கள்.

இந்தச் சிக்கல் எங்கே பிறந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஓர் இரவு, ஒரு டெக்னோ கலைஞரின் புதிய தனி ஆல்பம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. இத்தனை காலமும் 12 அங்குல இசைத்தட்டுகளில் இரண்டு மூன்று டிராக்குகளாகவே (தனித்தனி இசைத்துண்டுகளாகவே) வெளியிட்டு வந்தவர். முழு ஆல்பமாக அவரைக் கேட்டது எனக்கு அதுதான் முதல்முறை. நான்காவது டிராக்கைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நண்பர் ஒருவருக்கு உடனே எழுதினேன்: “இவர் ஒரு டெக்னோ தயாரிப்பாளர்.” அவர் கேட்டார்: “சரி, இசை யாருடையது?”

கேள்வியில் பிழையில்லை. தமிழில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். அந்தப் பொருள் சினிமாவால் ஊறிப்போய்விட்டது, இனி அதைப் பிரிக்க முடியாது.

அந்த நான்காவது டிராக்கைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். நாம் தேடும் சொல் அதற்குள்தான் இருக்கிறது. வேகம் நிமிடத்துக்கு 130 தாள அடி. நாலு அடி ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு நொடிகூட ஆவதில்லை. ஏழு நிமிடத்தில் அதே சுற்று 220 தடவைக்கு மேல் வந்து போகிறது. கிக், அதாவது அடித்தளமாக விழும் முரசொலி, மாறுவதே இல்லை. அதன்மேல் மூன்றே சுரத்தில் சின்த் என்னும் மின்னணு இசைக்கருவியின் ஒரு துணுக்கு. தொடக்கத்தில் அது கம்பளிக்குள் பொதிந்து வைத்ததுபோல மங்கி ஒலிக்கிறது. ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரின் குமிழை அவர் மெல்லத் திருப்பிக்கொண்டே போகிறார். எந்தச் சுற்றில் மாறியது என்று காதால் பிடிக்க முடியவில்லை, நானும் மூன்று முறை முயன்று பார்த்தேன். நாலாவது நிமிடத்தில் அதே துணுக்கு துலக்கிய பித்தளை மாதிரி பளிச்சென்று நிற்கிறது. ஒரு சுரம் கூடவில்லை, ஒரு சுரம் குறையவில்லை. பிறகு எட்டுச் சுற்றுக்குக் கிக்கை எடுத்துவிடுகிறார். அது திரும்பி வந்து விழும்போது காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரிகிறது.

இதில் ஒலியை உண்டாக்கியவர், அடுக்கியவர், கலந்தவர், எல்லாம் ஒரே ஆள். 1980-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த இசையின் வழக்கம் அதுதான். இசைக்குழு வேண்டாம், இயந்திரங்கள் போதும். 1983-இல் வந்த ரோலண்ட் டிஆர்-909 என்ற தாள இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாகப் பதினாறு பொத்தான்கள், ஓர் அடிக்கு நான்கு வீதம் பதினாறும் சேர்ந்தால் ஒரு சுற்று. அதன் கிக் ஒலி, யாரோ முரசடித்துப் பதிந்து வைத்ததல்ல. ஒவ்வொரு அடிக்கும் மின்சுற்று அதைப் புதிதாகப் பிறப்பிக்கிறது. சுருதிக்கு ஒரு குமிழ், அந்த ஒலி அடங்க எடுக்கும் நேரத்துக்கு ஒரு குமிழ். சுற்று ஓடிக்கொண்டே இருக்கும், கை குமிழ்மேல் இருக்கும். தொழிலே அதுதான்.

இனி உங்கள் பரிந்துரைகள்.

> இசையமைப்பாளர் என்றே இருக்கட்டுமே?

இசையமைப்பாளர் என்றதும் நம் மனத்தில் மெட்டு வந்துவிடுகிறது. மெட்டை அவர் போடுவார், மற்றவர்கள் வாசிப்பார்கள், பாடுவார்கள். நான் சொன்ன டிராக்கில் முணுமுணுக்க மெட்டே கிடையாது.

> ஒலியமைப்பாளர்?

மேடைக்கு மைக் செட் போடுகிறவர் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே உரிமையாளர் இருக்கிறார்.

> ஒலிச்சிற்பி எவ்வளவு அழகாக இருக்கிறது!

அழகுதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் சிற்பி என்பது பாராட்டாகவும் ஒலிக்கிறது. சலிப்பான ஆல்பம் போட்டவரையும் அதே சொல்லால்தானே குறிக்கவேண்டும்? மேலும், சிற்பி வேண்டாததைச் செதுக்கிக் கழிப்பவர். இங்கே கழிப்பதற்கு முன்கூட்டி ஒரு கல் இல்லை.

என் பரிந்துரை: இசைவனைஞர்.

வனைதல் குயவர் தொழிலின் வினைச்சொல். சக்கரம் சுழல்கிறது, மண் அதே மண், விரல் ஒரு நூலளவு அழுத்தினால் வாய் விரிகிறது, கழுத்து ஒடுங்குகிறது. எந்தச் சுற்றில் குடம் குடமானது என்று சொல்ல முடியாது. மேலே எழுதிய ஃபில்டரையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சொல்லும் பழையது. நிலத்தைச் சக்கரமாகவும் பெருமலையை மண்ணாகவும் கொண்டு உன்னால் வனைய முடியுமா என்று தாழி செய்யும் குயவரைக் கேட்கும் புறநானூற்றுப் பாட்டில் (228) ‘வனைதல்’ என்றே வருகிறது. கலைஞர், அறிஞர், வினைஞர் வரிசையில் வனைஞர் உறுத்தாமல் உட்காரும். கிளைச்சொற்களும் எளிது: வனைந்தார், வனைவு, உடன்வனைந்தவர். ஆல்பத்தின் அட்டையில் ‘வனைவு’ என்று போட்டுப் பெயரை எழுதினால் போதும்.

‘ஒலிவனைஞர்’ ஆகலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அதை சவுண்ட் டிசைனருக்கு விட்டுவைக்கலாம் என்பது என் எண்ணம். படத்துக்கும் கணினி விளையாட்டுக்கும் ஒலி உருவாக்குகிறவர் இசை செய்வதில்லை.

வந்த மறுப்புகளில் வலுவானது ஒன்று: ராக் இசையிலும் புரொடியூசர் உண்டே, அவரையும் வனைஞர் என்பதா? கூடாது. பீட்டில்ஸ் ராக் குழுவின் ஆல்பங்களில் ஜார்ஜ் மார்ட்டின் செய்தது வேறு வேலை. பாட்டு அவர்களுடையது, பெரும்பாலும் வாசித்ததும் அவர்களே. எப்படிப் பதியவேண்டும், எதைச் சேர்க்கவேண்டும் என்று நடத்திக்கொடுத்தவர் அவர். அந்த வேலைக்குப் ‘பதிவு நெறியாளர்’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது என்பதற்காக நாமும் சுமக்கவேண்டிய தேவை இல்லை.

‘தனி ஆல்பம்’ பற்றி ஒரு வரி. எல்லாம் ஒருவரே செய்கிறபோது ‘தனி’ எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். டெக்னோவில் அது பெரும்பாலும் குழுவிலிருந்து பிரித்துக் காட்டத்தான். அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவை மைக் பேங்க்ஸோடு தொடங்கிய ஜெஃப் மில்ஸ், 1992-இல் தன் பெயரில் ஓர் ஆல்பம் கொண்டுவந்தார், பெர்லினின் டிரெசார் நிறுவனம் வெளியிட்டது. அங்கே ‘தனி’ பொருள் தருகிறது. ஆகவே இருக்கட்டும். ஆனால் ஆல்பத்தை ‘தொகுப்பு’ என்று எழுதாதீர்கள். பலருடைய டிராக்குகளைச் சேர்த்த திரட்டோடு குழம்பும். டெட்ராய்ட் டெக்னோவை 1988-இல் பிரிட்டனுக்கு அறிமுகப்படுத்திய தட்டு அப்படியொரு திரட்டுதான்.

நண்பருக்கு மறுபடி எழுதிப் பார்த்தேன்: “இந்த இசைவனைஞரின் தனி ஆல்பத்தில் நான்காவது டிராக்கை முதலில் கேளுங்கள்.” இந்தத் தடவை “எதை வைத்து வனைகிறார்?” என்று பதில் வந்தது. இயந்திரங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

ரீமிக்ஸ், அதாவது ஏற்கெனவே வந்த டிராக்கை மாற்றிச் செய்வது, அதற்கான சொல் மட்டும் மிச்சமிருக்கிறது. ‘மறுகலவை’ புழக்கத்தில் உண்டு, ஆனால் டெக்னோவில் பல சமயம் மூலத்திலிருந்து ஒரு துணுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் புதிதாகச் செய்கிறார்கள், கலப்பதோடு நிற்பதில்லை. ‘மறுவனைவு’ சரிவருமா? மண்பாண்டத் தொழில் அறிந்தவர் யாரேனும் குழுவில் இருந்தால், உலராத கலத்தைக் குழைத்து மீண்டும் சக்கரத்தில் ஏற்றுவதற்கு அவர்கள் புழங்கும் சொல் என்னவென்று எழுதுங்கள். அது கிடைத்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வேன்.

அன்புடன்.