சே குவேராவுக்குள் ஓடியது எந்த லிஞ்ச் ரத்தம்?

மழைக்காலம்:
2017-இல் அயர்லாந்து அஞ்சல் துறை சே குவேராவுக்கு ஒரு யூரோ தபால்தலை வெளியிட்டது. ஏன் அயர்லாந்து என்று அப்போது பலர் கேட்டார்கள். சேயின் அப்பா பெயர் எர்னெஸ்டோ குவேரா லிஞ்ச். தன் மகனின் உடம்பில் ஓடியது ஐரிஷ் கிளர்ச்சிக்காரர்களின் ரத்தம் என்று அவர் சொன்னது பிரபலம். 1715-இல் அயர்லாந்தின் மேற்குக் கரை நகரமான கால்வேயில் பிறந்து அர்ஜென்டினாவில் குடியேறிய பாட்ரிக் லிஞ்சின் வழித்தோன்றல்கள் இவர்கள். லிஞ்ச் என்பது 'ஓ லிங்ஷி' என்ற கேலிக் (ஐரிஷ்காரர்களின் சொந்த மொழி) பெயரின் ஆங்கில வடிவம். லிங்ஷக் என்றால் கடலோடி. கடலோடிக் குடும்பம் ஆங்கிலேயக் கொடுமைக்குத் தப்பிக் கடல் கடந்தது, அங்கே ஒரு புரட்சிக்காரன் பிறந்தான். பொருத்தம் பாருங்கள்!

ஏட்டுச்சுரைக்காய்:
பொருத்தமெல்லாம் சரிதான், பெண் வீடுதான் மாறிப்போய்விட்டது.

லிஞ்ச் என்ற ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் வெவ்வேறு குடும்பங்கள் ஒளிந்திருக்கின்றன. நீங்கள் சொல்லும் ஓ லிங்ஷி அசல் கேலிக் பெயர். அதுவும் ஒரே வம்சம் அல்ல. ஆன்ட்ரிம், கேவன், கார்க் என்று வெவ்வேறு ஐரிஷ் மாவட்டங்களில் தனித்தனியாக முளைத்தவை. அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் ஜாக் லிஞ்ச் கார்க் ஊர்க்காரர், ஐரிஷில் ஓ லிங்ஷி என்றே எழுதுவார்கள். ஆனால் கால்வே லிஞ்ச், இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்த நார்மன்களின் வழி வந்தவர்கள். தங்கள் பூர்வீகம் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரம் என்றுகூட ஒரு கதை கட்டி வைத்திருந்தார்கள். குடும்பச் சின்னத்தில் லிங்ஸ் என்ற காட்டுப்பூனை வேறு. பெயரின் ஓசையை வைத்துப் பூர்வீகம் செய்வது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல.

கால்வேயை ஆண்ட 14 வணிகக் குடும்பங்களில் இவர்கள்தான் முதல் வரிசை. 1484-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டிடம் நகரச் சாசனம் வாங்கியதே ஒரு லிஞ்ச். அன்றிலிருந்து 1654 வரை மேயர் நாற்காலியில் 84 முறை லிஞ்ச் உட்கார்ந்திருக்கிறார். இடையில், 1518-இல் நகரசபை ஒரு விதி போட்டது: 'ஓ'வோ 'மக்'கோ கால்வே தெருக்களில் நெஞ்சு நிமிர்த்தி நடக்கக் கூடாது. அதாவது கேலிக் பெயர்க்காரன் உள்ளே வந்து மிடுக்குக் காட்டாதே என்று அர்த்தம். ஓ லிங்ஷி அந்தத் தெருவில் நடந்திருந்தால் துரத்தியிருப்பது இந்த லிஞ்ச்தான். கிளர்ச்சி ரத்தமாம்!

பொட்டிக்கடை:
குறுக்கே ஒரு கேள்வி. ஒரு கால்வே மேயர் கொலை செய்த சொந்த மகனையே தூக்கில் போட்டாராமே, விசாரணை இல்லாமல் ஆளைக் கொல்வதைச் சொல்லும் 'லிஞ்சிங்' என்ற சொல் அங்கிருந்துதானே வந்தது?

ஏட்டுச்சுரைக்காய்:
அந்தக் கதையை 1493-இல் மேயராக இருந்தவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். மனுநீதிச் சோழன் கதை மாதிரி கேட்க நன்றாக இருக்கும். சொல் பிறந்தது வர்ஜீனியாவில். அமெரிக்க விடுதலைப் போர் நடக்கும்போது, 1780 வாக்கில், பிரிட்டன் பக்கம் நின்றவர்களை முறையான நீதிமன்றம் இல்லாமல் தண்டித்த சார்லஸ் லிஞ்சைக் காரணம் சொல்வார்கள். அதே மாநிலத்தில் இன்னொரு லிஞ்சும் அந்தப் 'பெருமை'க்குப் போட்டி.

கால்வேவாசி:
தினமும் லிஞ்ச் கோட்டையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். கோட்டை என்று பெயர், உள்ளே வங்கி நடக்கிறது. அதனால் இந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சுரைக்காய் அண்ணே, நீங்கள் 1518-இலேயே கதையை நிறுத்திவிட்டீர்கள். அப்புறம் என்ன ஆனது? 1652-இல் பல மாத முற்றுகைக்குப் பின் இங்கிலாந்தின் கிராம்வெல் படையிடம் கால்வே விழுந்தது. கத்தோலிக்கர்களான இந்த வணிகர்களின் ஆட்சி போனது, வீடும் நிலமும் போயின. 'கால்வேயின் பழங்குடிகள்' என்று அவர்களை அழைக்கும் வழக்கம் கிராம்வெல் ஆட்கள் ஏளனமாக ஆரம்பித்தது என்பார்கள். அதையே இவர்கள் பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். 1691-இல் கத்தோலிக்கர் தரப்பு தோற்றுப் போட்ட லிமெரிக் உடன்படிக்கை, அதன் பிறகு தண்டனைச் சட்டங்கள்: கத்தோலிக்கன் நிலம் வாங்க முடியாது, பதவி வகிக்க முடியாது. ஆங்கிலேயன் கண்ணில் ஓ லிங்ஷியும் ஒன்று, கால்வே லிஞ்சும் ஒன்று. பாட்ரிக் லிஞ்ச் பிறந்தது அந்தக் காலத்தில். முப்பாட்டன் நார்மனாக இருந்தால் என்ன? நானூறு வருஷத்துக்கு மேல் ஒரு ஊரில் வாழ்ந்து, அந்த ஊர்க்காரனாகவே அடி வாங்கியவனை ஐரிஷ் இல்லை என்பீர்களா?

ஏட்டுச்சுரைக்காய்:
ஐரிஷ் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? கிளர்ச்சிக்காரர் இல்லை என்றேன்.

வெளியே போன லிஞ்ச் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஒரு கிளை பிரான்சின் போர்டோவுக்குப் போனது. 1749-இல் திருமண வழியாகத் திராட்சைத் தோட்டம் கைக்கு வந்தது. இன்றும் லிஞ்ச்-பாஜ் என்று ஒயின் பாட்டிலில் பெயர் இருக்கிறது. அந்தக் குடும்பத்து ஜான்-பாப்டிஸ்ட் லிஞ்சை நெப்போலியன் காலத்தில் போர்டோ மேயர் ஆக்கினார்கள். 1814-இல் அவர் நகரத்தைப் பிரிட்டிஷ் படையிடம் ஒப்படைத்தார். இந்தப் பிரிட்டிஷ்காரனுக்குப் பயந்துதானே தாத்தா ஓடிவந்தார்!

தென் அமெரிக்கக் கிளையில், சேயின் சொந்தமான பட்ரிசியோ லிஞ்ச், சிலி நாட்டுக் கடற்படைத் தளபதி. இளமையில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து அபினிப் போரில் சீனாவுக்கு எதிராகச் சண்டை போட்டவர். பிற்பாடு பெருவைச் சூறையாடி, லிமாவைப் பிடித்து வைத்து ஆண்டதும் இவர்தான். ரத்தம்தான் புரட்சி செய்யும் என்றால் இந்த ரத்தம் எதைச் செய்தது?

கால்வேவாசி:
பெருவில் அவர் போன வழியில் கரும்புத் தோட்டங்களில் அடிமைபோல் கிடந்த சீனக் கூலிகளை விடுவித்தார், அவர்கள் அவரைச் 'சிவப்பு இளவரசர்' என்றார்கள். அதை விட்டுவிட்டீர்களே.

ஏட்டுச்சுரைக்காய்:
விடுவித்து, அவர்களையே தன் படையில் சேர்த்துக்கொண்டார். நீங்கள் இதை விட்டுவிட்டீர்கள்.

கால்வேவாசி:
சரி, அது உங்கள் கணக்கில். ஆனால் சேயின் அப்பா வம்சாவளிப் பட்டியல் எழுதவில்லை. மகன் செத்து இரண்டு வருஷம் கழித்து, 1969-இல், மகன் ஏன் இப்படி ஓயாமல் இருந்தான் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிப் பார்க்கிறார். வீட்டில் பாட்டி சொல்லும் கதைகளுக்கும் ஒரு பலம் உண்டு. சேயின் அப்பாவுடைய அம்மா ஆனா லிஞ்ச் கலிபோர்னியாவில் பிறந்தவர்; அர்ஜென்டினா சர்வாதிகாரி ரோசாஸின் ஆட்சிக்கு அஞ்சி வெளியேறிய குடும்பம். ரத்தத்தில் எதுவும் வராது, ஒப்புக்கொள்கிறேன். 'நாம் ஓடிவந்தவர்கள்' என்ற கதை வரும்.

ஏட்டுச்சுரைக்காய்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க மாட்டேன். கதை வரும், ஏற்கிறேன். ஆனால் பஞ்சத்தில் பிழைக்கப் போனவர்களின் கண்ணீரை இந்தக் குடும்பத்தின் மேல் தெளிக்காதீர்கள். உருளைக்கிழங்குப் பஞ்சம் 1845-இல். பத்து லட்சம் பேர் செத்து, அதற்கு மேலும் கப்பல் ஏறிய காலம் அது. பாட்ரிக் அதற்கு நூறு வருஷம் முந்தி, ஸ்பெயினின் பில்பாவோ வழியாக அர்ஜென்டினா போய், அங்கே பெரிய நிலக்காரர் ஆனவர்.

மழைக்காலம்:
நான் பற்றவைத்துவிட்டுத் தூங்கிப் போய்விட்டேன், மன்னிக்கவும். இந்தப் பேச்சை ஆரம்பித்ததே எங்கள் அலுவலகத்து லிஞ்ச்தான். கேவன்காரர். சேயும் தானும் ஒரே குடும்பம் என்கிறார். அப்படியானால்...?

ஏட்டுச்சுரைக்காய்:
கேவன் என்றால் பெரும்பாலும் ஓ லிங்ஷி. கால்வேக்காரர்களோடு சொந்தம் இருக்க வாய்ப்பு குறைவு. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையத்தில் இலவசம். கொள்ளுத்தாத்தா எந்த ஊர், வீட்டில் ஐரிஷ் பேசினார்களா என்பதுவரை இருக்கும். அதற்கு முந்தியவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் மிச்சம் இருந்ததிலும் பெரும்பகுதி சாம்பல்.

மழைக்காலம்:
அவர் தோளில் சேயின் முகத்தைப் பச்சை குத்தி வைத்திருக்கிறார். இதை யார் போய்ச் சொல்வது?

பொட்டிக்கடை:
நீங்கள்தான். திங்கட்கிழமை காலையில் மட்டும் வேண்டாம்.