பட்டு ப்ளவுஸுக்கு எந்த லைனிங்: காட்டன், பாலி காட்டன், சாட்டின், க்ரேப்?

ஊசிநூல்:
மூணு ப்ளவுஸ் தைக்கணும். ஒண்ணு அரக்கு நிற காஞ்சிபுரம் பட்டு, கையில அகல ஜரிகை பார்டர். அடுத்தது வெளிர் ரோஸ் ஆர்கன்சா. மூணாவது ஆபீஸுக்குப் போடுற பாலியஸ்டர் ஜார்ஜெட். கடையில காட்டன், பாலி காட்டன், சாட்டின், க்ரேப்னு நாலு லைனிங் காட்டுறாங்க. எதுக்கு எது? துவைச்சதும் டாட் (உடம்பு வளைவுக்காக மடிச்சுத் தைக்கிற இடம்) பக்கம் சுருக்கம் விழுந்து கீழ்ப்பட்டி உள்ளே சுருட்டிக்குதே, அது லைனிங்காலயா?

கத்தரிமேசை:
ஆமாங்க, லைனிங்காலதான். கோட்டுல லைனிங் உள்ளே தளர்வா தனியா நிக்கும், சட்டை மேல வழுக்கி ஏறினா போதும். அதனால அங்க விஸ்கோஸ், டஃபெட்டா மாதிரி வழவழப்பான துணி சரி. ப்ளவுஸ்ல லைனிங்கையும் மேல்துணியையும் சேர்த்து ஒரே துணியாத்தான் தைக்கிறோம். உடம்போட இழுவையைத் தாங்குறது லைனிங், பட்டு அதுமேல சும்மா உட்கார்ந்திருக்கு. லைனிங் சுருங்கினா பட்டு மிச்சமாகிப் புடைக்கும். 15 இன்ச் உயரத்துல 4% சுருங்கினாலே அரை இன்ச்சுக்கு மேல போயிடும். பளபளப்பைப் பார்த்து லைனிங் எடுக்காதீங்க. சுருங்காம, இழுத்தா விட்டுக்கொடுக்காம இருக்கா, அதைப் பாருங்க.

பட்டுக்கு நெருக்கமா நெய்த மெல்லிய காட்டன், கேம்ப்ரிக் மாதிரி. 36 இன்ச் அகலத்துல முழங்கை வரைக்கும் கைன்னா 1 மீட்டர், குட்டைக் கைன்னா 80 செ.மீ. வெட்டுறதுக்கு முன்னாடி, துணியில 20 இன்ச் இடைவெளி விட்டு ரெண்டு நூல் அடையாளம் போடுங்க. ராத்திரி முழுக்க பச்சைத்தண்ணியில ஊறட்டும். கஞ்சி போக அலசி, முறுக்காம நிழல்ல உலர்த்தி, லேசா ஈரம் இருக்கும்போதே நேர் நூல் வாக்குல, அதாவது துணியோட நீள இழை போற திசையில, அயர்ன் பண்ணுங்க. இப்போ அளந்தா எவ்வளவு சுருங்கிச்சுன்னு தெரியும். இன்னொரு தடவை நனைச்சு அளக்கும்போது அளவு மாறலைன்னா வெட்டலாம். பட்டை ட்ரை கிளீனிங்தானே குடுப்போம்னு இதை விட்டுடாதீங்க. வியர்வையும் ஸ்டீம் அயர்னும் பட்டாலே நனைக்காத காட்டன் சுருங்கும்.

அரக்கு லைனிங்ல சாயம் போகுதான்னும் பாருங்க. ஈர லைனிங் மேல வெள்ளைத் துணி வச்சு அழுத்தி அயர்ன் பண்ணினா, சாயம் போறதா இருந்தா வெள்ளையில ஏறும். அப்படி ஏறினா அந்தத் துணியே வேண்டாம், அக்குள் வியர்வையில அது உடம்புலயும் புடவையிலயும் ஒட்டும்.

இழை:
சாட்டினைப் பற்றிச் சேர்த்துக்கொள்கிறேன். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் சாட்டின். பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8% ஈரம் வாங்கும், பாலியஸ்டர் 0.4% தான். அதனால் வியர்வையை சாட்டின் உறிஞ்சாது. அது நேரே பட்டுக்கும் ஜரிகைக்கும் போகும், வெள்ளி கலந்த ஜரிகை கறுக்கும். இன்னொரு குறை, இறுக்கமான பக்கத் தையலில் சாட்டின் இழைகள் நகர்ந்து தையலோரம் பல் இளிக்கும். தையலை நெருக்கினாலும் இது முழுசாக நிற்காது.

ஆனால் ஆர்கன்சாவுக்கு சாட்டின் தேவைப்படலாம். லைனிங்கின் நிறமும் மினுப்பும்தான் வெளியே தெரியும், வெறும் காட்டன் போட்டால் ரோஸ் மங்கிவிடும். ஆர்கன்சா, அதன் கீழ் அதே நிற சாட்டின், உடம்பை ஒட்டி மல் என்னும் மெல்லிய காட்டன் என்று மூன்று அடுக்கு வையுங்கள். தையலோரங்களில் மல்லைக் கூடுதலாக நறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் கழுத்து தடிக்கும். கைக்கு லைனிங் வேண்டாம், ஆர்கன்சா தனியாக நிற்பதுதான் அழகு. ஊசி 11-ஆம் நம்பர், புதிதாகப் போடுங்கள். மழுங்கிய ஊசி இழையை இழுத்துக் கோடு விழ வைக்கும்.

ஜார்ஜெட்டுக்கு பாலி காட்டன் போதும். குறைவாகச் சுருங்கும், சீக்கிரம் காயும். கடையில் 'சுத்த காட்டன்' என்று சொன்னால் நாலு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல் எரிந்து மெத்தென்ற சாம்பலாகும், பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணி தங்கும். பாலி காட்டனுக்கு அயர்ன் சூட்டை காட்டன் அளவுக்கு ஏற்றாதீர்கள்.

ஊசிநூல்:
ரொம்ப நன்றி. ஜார்ஜெட்டுக்கு க்ரேப் போட்டா இன்னும் நல்லா விழும்னு கடையில சொன்னாங்களே? அப்புறம், கை பார்டர் ஜரிகை உள்பக்கம் உரசாம இருக்க என்ன பண்றது?

கத்தரிமேசை:
க்ரேப் நல்லா விழும், அதை மறுக்கலை. ஆனா முறுக்கு நூல்ல நெய்தது, இழுத்தா கொடுக்கும். நாலு தடவை போட்டதும் கழுத்து தொங்கிடும். அனார்கலி மாதிரின்னா மேல்பாகத்துக்கு காட்டனும் கீழே குடைக்கு க்ரேப்பும் போடலாம். ப்ளவுஸுக்கு வேண்டாங்க.

கைக்கு, லைனிங்கை பார்டர் விளிம்புக்கு ⅛ இன்ச் உள்ளே வர்ற மாதிரி மடிச்சு கையால ஹெம்மிங் பண்ணுங்க. ஜரிகையோட பின்பக்கம் முழுக்க மூடிடும், வெளியேயும் எட்டிப் பார்க்காது.

பட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி லைனிங்கை மட்டும் வெட்டி, பெரிய ஓட்டுத்தையல் போட்டு, போட்டுப் பாருங்க. பட்டுல ஊசி ஓட்டை அப்படியே நிக்கும், பிரிச்சுத் தைச்சா தடம் தெரியும். திருத்தம் எல்லாம் லைனிங்லயே முடிஞ்சதும் பிரிச்சு, அந்தத் துண்டுகளை பட்டு மேல அதே நேர் நூல்ல வச்சு வெட்டுங்க. டாட் நடுக்கோட்டுல ரெண்டு துணியையும் சேர்த்து ஒரு ஓட்டுத்தையல் போட்டுட்டு மடிச்சா, மிஷின்ல ஓட்டும்போது உள்துணி நழுவாது. பக்கத் தையல்ல ரெண்டு துணியிலயும் 1 இன்ச் பிடிப்பு (தையலுக்கு வெளியே மிச்சத் துணி) விட்டுடுங்க.