தாத்தா போனுக்கு வந்த ஆறு நம்பர்: பிள்ளைகளும் போனும், நம்ம பக்கத்து அனுபவங்கள்

பாலக்கோடு, ஒரு அம்மா:

நானும் வீட்டுக்காரரும் தக்காளி மண்டியில் வேலை செய்கிறோம். இருட்டோடு கிளம்பினால் திரும்ப மதியம் ஆகிவிடும். லீவு நாளில் பையன் தாத்தாவோடு இருப்பான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். போன் என் மாமனாருடையது. அதை ஓட்டத் தெரிந்தது பையனுக்கு மட்டும்தான்.

போன மே மாதம் ஒரு நாள் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் என் தம்பி கூப்பிட்டான். "மாமாவுக்கு என்னக்கா ஆச்சு? ஆஸ்பத்திரிக்கு அவசரம்னு மெசேஜ் வந்துச்சு, மூவாயிரம் போட்டுட்டேன்" என்றான். மாமனார் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இதே மெசேஜ் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போயிருந்தது.

மூன்று நாள் கழித்துத்தான் பையன் வாயைத் திறந்தான். துப்பாக்கி விளையாட்டில் கூட ஆடும் ஒரு "அண்ணன்", விளையாட்டில் பொருள் வாங்க உதவும் டைமண்ட் தருகிறேன் என்று தாத்தா நம்பரைக் கேட்டிருக்கிறான். அப்புறம் "ஒரு மெசேஜ் வரும், அதிலிருக்கிற ஆறு நம்பரைச் சொல்லு" என்றிருக்கிறான். இவனும் சொல்லிவிட்டான். அது வாட்ஸ்அப்பை இன்னொரு போனில் திறக்கிற சாவி. யாருக்கும் கொடுக்காதே என்று அந்த மெசேஜிலேயே இங்கிலீஷில் இருந்தது. பத்து வயதுப் பிள்ளை நம்பரைத்தான் பார்ப்பான், அதையா படிப்பான்?

பக்கத்துத் தெருவில் கல்லூரி படிக்கும் பையன் வந்து, வாட்ஸ்அப்பில் தாத்தா நம்பரைப் போட்டு, புதிதாக வந்த ஆறு இலக்கத்தைக் கொடுத்ததும் திருடன் வெளியே போய்விட்டான். ஆனால் அவன் உள்ளே இருந்தபோதே ஒரு பின் நம்பர் வைத்திருந்தான். அது தெரியாததால் ஏழு நாள் காத்திருந்துதான் நாங்கள் உள்ளே போக முடிந்தது. இப்போது அந்தப் பின்னை நாங்களே வைத்திருக்கிறோம். எல்லோரும் இன்றைக்கே வைத்துவிடுங்கள், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'இரண்டு படி சரிபார்ப்பு' என்று இருக்கும். தம்பி இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடித்துப் புகார் கொடுத்தான். பணம் போன உடனே அடித்திருந்தால் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்கும். நாங்கள் மூன்று நாளைத் தொலைத்துவிட்டோம்.

அந்த மூன்று நாள்தான் என்னை உறுத்துகிறது. "ஏன்டா சொல்லலை?" என்று கேட்டதற்கு, "போனைப் புடுங்கிடுவேன்னு நீதானே சொல்லுவ" என்றான். உண்மைதான். தினமும் சொல்லியிருக்கிறேன். திருடன் அவனை எதுவும் மிரட்டவில்லை. நான் ஏற்கெனவே மிரட்டி வைத்திருந்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது.

பென்னாகரம் பக்கம், நடுநிலைப் பள்ளி ஆசிரியை:

பணம் போன கதை இருக்கட்டும், நான் மனசு போன கதை சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். பதிமூன்று வயது ஆக வேண்டும் என்பது விதி. இவர்களுக்குப் பன்னிரண்டு, எல்லாமே அம்மாக்களின் நம்பர். ஆண்டு விழாவில் ஒரு பெண் ஆடும்போது எடுத்த படத்தில் முகத்தை மட்டும் வெட்டி, ஒருவன் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். அப்புறம் குரூப்பில் எதற்கெடுத்தாலும் எல்லோரும் போட்டது அந்த முகம்தான். அந்தப் பெண் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள்.

செய்தவனைக் கூப்பிட்டதும் உடனே அழித்துவிட்டான். ஆனால் மற்றவர்கள் தங்கள் போனில் சேமித்து வைத்த ஸ்டிக்கர் அதனால் போய்விடாது. இது அவனுக்கே தெரியாது. மற்ற பிள்ளைகள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "நாங்க ஒண்ணும் பண்ணலை டீச்சர், பார்த்தோம், அவ்வளவுதான்."

எங்கள் ஊரில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும், எல்லாப் பிள்ளைகளும் பாயோடு போய் உட்கார்ந்து பார்ப்பவர்கள். அதனால் கேட்டேன், துகில் உரியும்போது சபையில் யார் யார் இருந்தார்கள் என்று. பீஷ்மர், துரோணர், கிருபர் என்று கடகடவென்று சொன்னார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்றேன். சத்தமே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் மெதுவாக, "துரியோதனன் தம்பிகள்ல விகர்ணன் மட்டும் பேசினான் டீச்சர்" என்றான். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.

அன்று சாயந்திரம் மூன்று பெண்கள் அவள் வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொருவரும் ஸ்டிக்கரை அழித்ததைத் தங்கள் அம்மா போனில் காட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். நான் அனுப்பவில்லை. செய்தவன் மன்னிப்புக் கேட்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

ஓசூர், ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பா:

நான் பூட்டுப் போடுகிற கட்சி. பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் ஃபேமிலி லிங்க் ஆப் போட்டு, நேரம் வைத்து, எந்த ஆப் இறக்கினாலும் என்னைக் கேட்கிற மாதிரி வைத்திருக்கிறேன். மகளுக்கு எட்டு வயது. எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலேயே மைக்கை அமுக்கி வீடியோ தேடியவள். பூட்டுப் போட்ட போனில் நேரம் முடிந்ததும் நேராக ஆயா (பாட்டி) போனுக்குப் போய்விடுகிறாள். அதில் பூட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆயாவுக்கு எப்படிப் பூட்டுப் போடுவது?

பாலக்கோடு அம்மாவிடம் ஒரு கேள்வி. கடைசியில் போனைப் பிடுங்கினீர்களா இல்லையா?

காவேரிப்பட்டணம், ஒரு சித்தி:

சொல்லலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். எங்கள் உறவில் பதினொரு வயதுப் பெண். "நானும் ஆறாவதுதான்" என்று பேசத் தொடங்கிய "தோழி", இரண்டு வாரத்தில் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறாள். "அம்மாகிட்ட சொல்லாதே, நம்ம ரகசியம்" என்றும் சொல்லியிருக்கிறாள். நல்ல வேளை, பிள்ளை அனுப்பவில்லை, என்னிடம் வந்து காட்டினாள். குரலில் பேசச் சொன்னதும் அந்தப் பக்கம் மாயம்.

நாங்கள் செய்த தப்பு, கோபத்தில் எல்லாவற்றையும் அழித்து பிளாக் செய்தது. அப்புறம் புகார் கொடுக்கப் போனபோது கையில் காட்ட ஒன்றுமில்லை. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பெயர், நம்பர், ஐடி எல்லாம் தெரிகிற மாதிரி. அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். 1098 குழந்தைகளுக்கான இலவச எண், பிள்ளையே கூடக் கூப்பிடலாம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில், பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவரை இணையத்தில் பாலியல் தொந்தரவு செய்வதும் வரும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே விதிதான். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும், மாமாவே சொன்னாலும், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, நம்மைப் பற்றி. பள்ளி திறக்கும் நாளில் சீருடையோடு, பேட்ஜ் தெரிய, வேன் நம்பர் தெரிய ஸ்டேட்டஸ் வைப்பது யார்? பிள்ளைகளா?

பாலக்கோடு, ஒரு அம்மா:

ஓசூர் அண்ணா, பிடுங்கவில்லை. இரண்டு தடவை கை வரைக்கும் வந்தது, விட்டுவிட்டேன். "எது வந்தாலும் என்கிட்ட காட்டு கண்ணு, அடிக்கவும் மாட்டேன், போனைப் புடுங்கவும் மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது எல்லாவற்றையும் காட்டுகிறான். நேற்று மட்டும் ஏழு தடவை கூப்பிட்டான். ரீசார்ஜ் முடியப் போகிறது என்று கம்பெனி அனுப்பிய மெசேஜ், பெரியப்பா அனுப்பிய காலை வணக்கம், ஏதோ நகைக்கடை ஆடித் தள்ளுபடி. மண்டியில் ஏலம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு காதில் விலை, இன்னொரு காதில் "அம்மா, இதைத் தொடலாமா?". பெட்டி கணக்கு ஒரு தடவை தப்பாகிவிட்டது. ஆனாலும் எடுத்துப் பேசுகிறேன்.