புதுப்பிப்பு: பிள்ளையின் போனில் கண்காணிப்பு ஆப் பாதியில் நின்றுபோகிறது – காரணம் தெரிந்தது

மகனின் ஆண்ட்ராய்டு போனில் போட்ட கண்காணிப்பு ஆப் திடீர் திடீரென்று தகவல் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது, இருப்பிடமும் பழையதையே காட்டுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பேட்டரி அமைப்பைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. சார்ஜ் மிச்சம்பிடிக்க, பின்னணியில் ஓடும் ஆப்பைப் போனே நிறுத்திக்கொண்டிருந்தது. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டதும் இருப்பிடம் ஒழுங்காக வருகிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவியதில் ஒரு பயனும் இல்லை.

எதிர்பாராத ஒன்று: நேரக் கட்டுப்பாடு மட்டும் அப்புறமும் வேலை செய்யவில்லை. அமைப்புகளில் போய்ப் பார்த்தால் அணுகல்தன்மை (Accessibility) அனுமதி, அதாவது திரையில் எந்த ஆப் ஓடுகிறது என்று பார்க்கக் கண்காணிப்பு ஆப்புக்குத் தரும் அனுமதி, அணைந்து கிடந்தது. தானாக அணைந்ததா, பையன் கைவரிசையா தெரியாது, கேட்டால் சிரிக்கிறான். மறுபடி போட்டதும் சரி. போன் அப்டேட் ஆனால் இந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலைக் காட்டுவதாகப் பெரிதாகச் சொல்கிறார்களே, இந்த ஆப்பில் அது அறிவிப்பில் தெரியும் வரிகளை மட்டும்தான் எடுக்கிறது. அவன் அனுப்புவது எதுவும் வராது. அரட்டையைத் திறந்து வைத்திருந்தால் அறிவிப்பே வராது, அதனால் பதிவும் இல்லை. அரைகுறையாகப் படித்து வீண் சந்தேகம் எதற்கு என்று அந்த வசதியை அணைத்துவிட்டேன். இருப்பிடமும் நேர வரம்பும் மட்டும் ஓடுகின்றன, அவனுக்கும் தெரியும்.