அப்பாவின் ரோலெக்ஸ் வாட்ச் செயின் அறுந்துவிட்டது, சரிசெய்வதா மாற்றுவதா? அவசரம்

கரூரான்:
வணக்கம். அப்பாவின் ரோலெக்ஸ் செயின் நேற்று அறுந்துவிட்டது. இங்கே ஒரு கடையில் காட்டினேன். ரிப்பேர் வேண்டாம், மொத்தமாகப் புதுசு போட்டுவிடுங்கள் என்று ஒரு விலை சொன்னார், கேட்டதும் தலை சுற்றிவிட்டது. சரிசெய்தால் நிற்குமா? தங்கை கல்யாணத்துக்கு 12 நாள்தான் இருக்கிறது, அன்றைக்கு அப்பா கையில் அது இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தறிக்காரன்:
எந்த மாடல்? எந்த வருஷம் வாங்கியது? முழு எஃகா, தங்கம் கலந்ததா? எந்த இடத்தில் அறுந்தது? படம் இருந்தால் போடுங்கள் நண்பரே.

முள்ளும் மணியும்:
மாதத்துக்கு ஒருவர் இப்படி வந்து கேட்கிறார். ரோலெக்ஸ் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் சொல்ல முடியாது தம்பி. லாக்கைத் திறந்தால் உள்பக்கம் செயினின் எண் இருக்கும். பழைய வாட்ச் என்றால் செயின் மாட்டும் காதுகளுக்கு நடுவே, 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும் 6 மணிப் பக்கம் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். செயினைக் கழற்றினால்தான் அது தெரியும். மூன்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள், வரிசை எண்ணை மட்டும் இங்கே போடாதீர்கள். கையில் இருக்கும் பொருள் என்னவென்று தெரிந்துகொண்டு கேட்டால்தான் சொல்பவனுக்கும் மரியாதை.

சிங்கைவாசி:
தோல் பட்டை மாட்டிவிடுங்கள். டேட்ஜஸ்ட் 36 என்ற மாடலாக இருந்தால் 20 மி.மீ. பட்டை சரியாக உட்காரும். கல்யாணத்துக்கு அதுவே அழகு. செயினை நிதானமாகப் பார்க்கலாம்.

தறிக்காரன்:
பட்டுவேட்டி கட்டி நிற்பவருக்குத் தோல் பட்டையா? வேர்வையில் ஒரே நாளில் ஊறிப்போகும்.

கரூரான்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். அப்பா துபாயில் இருந்தபோது 1990இல் வாங்கியது. மாடல் 16233, லாக்கில் 62523 என்று இருக்கிறது. ஓரம் எஃகு, நடுவில் தங்க நிறத்தில் மூன்று மூன்று சின்னக் கண்ணிகள். கேட் கொண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டதில் அறுந்தது. வாட்ச் நன்றாகவே ஓடுகிறது.

பட்டறைக்காரன்:
இது ஜூபிலி என்கிற வகைச் செயின். தங்க நிறம் இல்லை, 18 காரட் தங்கமேதான். ஆனால் அந்தக் காலத்து நடுக்கண்ணி உள்ளே கூடு, கெட்டித் தங்கம் கிடையாது. அதனால் யார் கையில் கொடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

எங்கே அறுந்தது என்று இன்னும் சொல்லவில்லையே? லாக் பக்கம், அளவு குறைக்கக் கழற்றுகிற கண்ணியில் என்றால் பின் போயிருக்கும், வேறு பின் போட்டால் வேலை முடிந்தது. அதைத் தாண்டி நிரந்தரமாகக் கோத்த பகுதியில் கண்ணியே பிளந்திருந்தால் லேசரில்தான் பற்றவைக்க வேண்டும்.

நகைக்கடைத் தெருவில் கொடுத்து, வெங்காரம் தடவி ஊதுகுழலில் பற்றவைக்க மட்டும் விடாதீர்கள். சூட்டில் எஃகு நீலம் பாரிக்கும், பக்கத்துக் கண்ணிகள் இறுகி மடங்காமல் போகும். லேசரில் ஊசிமுனை அளவு இடம்தான் உருகும், அடுத்த கண்ணியை விரலால் பிடித்துக்கொண்டே வேலை செய்கிறோம். கோவையில் நகைப் பட்டறைகளில் இந்த மெஷின் இருக்கிறது. வாட்ச் செயின் செய்த பழக்கம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று. அறுந்த துண்டைப் பக்கவாட்டில், படுக்கைவசமாகப் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்தால் பரவாயில்லை. வாடிய கொடி மாதிரி தொங்கினால் உள்ளே எல்லாமே தேய்ந்திருக்கிறது, இன்றைக்கு ஒன்றை ஒட்டினால் நாளைக்கு இன்னொன்று போகும்.

சிங்கைவாசி:
30 வருஷத்துக்கு மேல் ஆனால் எஃகு நீண்டுதான் போகும். நீண்ட செயினை ஒன்றும் செய்ய முடியாது.

முள்ளும் மணியும்:
எஃகு நீளாது. இந்தத் தவறை எத்தனை தடவை திருத்துவது? கண்ணிக்குள் இருக்கும் பின்னும் அது போகும் துளையும் தேய்கின்றன. இடைவெளி கூடுவதால் நீண்ட மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

சிங்கைவாசி:
கட்டுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதானே ஐயா, மணிக்கட்டில் சுற்றுகிறது.

முள்ளும் மணியும்:
ஒன்றில்லை. நீண்டது என்றால் தூக்கிப் போடத் தோன்றும். தேய்ந்தது என்றால் துளைக்குள் மெல்லிய குழாய் செருகிப் புதுப் பின் போட்டு மீட்கலாம், அதையே தொழிலாகச் செய்பவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

பட்டறைக்காரன்:
ஐயா சொல்வது சரி. தேய்வதற்குக் காரணம் வேர்வையும் தூசியும். இரண்டும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி உள்ளே அரைத்துக்கொண்டே இருக்கும். செயினைத் தனியே கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய பிரஷால் தேய்த்துப் பாருங்கள், கரி கரைத்த மாதிரி கறுப்பாக வரும். அத்தனையும் பின்களை அரைத்த அழுக்கு.

தறிக்காரன்:
கையோடு ஒரு பாலிஷும் போட்டுவிட்டால் கல்யாணத்துக்குப் பளிச்சென்று இருக்குமே?

முள்ளும் மணியும்:
வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் உலோகத்தைக் கொண்டுபோகிறது. தங்கம் மெல்லிய கூடு என்று இப்போதுதான் படித்தீர்கள்.

தறிக்காரன்:
எங்கள் மாமா வாட்சுக்கு மூன்று தடவை போட்டாச்சு, நன்றாகத்தான் இருக்கிறது.

முள்ளும் மணியும்:
கண்ணிகளின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று உருண்டிருந்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

கம்பெனி சர்வீசுக்கே கொடுத்தாலும் பழைய செயினில் ஒரு கண்ணியை மட்டும் சரிசெய்து தருவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள், முழுசாக மாற்றச் சொல்லலாம். அப்படி மாற்றினால் கழற்றியதைத் திரும்பத் தருவார்களா என்று முன்பே கேளுங்கள், அதில் தங்கம் இருக்கிறது. வெளியில் விற்கிற டூப்ளிகேட் செயினும் வேண்டாம், அதை மாட்டிக் கொண்டுபோனால் வாட்சையே தொடாமல் திருப்பி அனுப்பக்கூடும்.

தறிக்காரன்:
கரூர் நண்பரே, என்ன ஆயிற்று? கண்ணியா, பின்னா?

பட்டறைக்காரன்:
கல்யாண வேலையில் இருப்பார், விடுங்கள்.

கரூரான்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். வாட்ச் பக்கத்திலிருந்து மூன்றாவது கண்ணி, ஓரத்து எஃகு பிளந்திருந்தது. பிடித்துப் பார்த்தேன், கொஞ்சம்தான் வளைந்தது. கோவையில் லேசரில் ஒட்டிக்கொடுத்தார்கள், பாலிஷ் போடவில்லை. கழுவும்போது தண்ணீர் நிஜமாகவே கறுப்பாக வந்தது, அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணம் நேற்று முடிந்தது, தாரை வார்க்கும்போது அவர் கையில்தான் இருந்தது. எல்லோருக்கும் நன்றி.